பெல் ஆஃப் ஆர்ம்ஸில் கேட்ட பெயர்கள்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் என்ஃபீல்டு என்ற பெயர் இரண்டு தடவை அறிமுகமாகிறது. முதலில் வரலாற்றுப் பாடத்தில்: 1857, கொழுப்புத் தடவிய தோட்டா, மங்கள் பாண்டே, ஐந்து மதிப்பெண் கேள்வி. அப்புறம் தெருவில், டுபுடுபுவென்று போகிற வண்டியின் பெட்ரோல் டேங்கில். எனக்கு மூன்றாவதாகவும் ஓர் அறிமுகம் கிடைத்தது. பூந்தமல்லியில் இருக்கும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 13-ஆம் அணியில் ஆர்மரராக இருந்தவன் நான். ரைஃபிளைக் கழற்றுவது, துடைப்பது, பழுது பார்ப்பது, கணக்கு எழுதுவது, இவ்வளவுதான் உத்தியோகம். ஓய்வுபெற்ற பிறகு பக்கத்திலேயே நசரத்பேட்டையில் குடியேறிவிட்டேன். சுட்டதைவிடத் துடைத்தது அதிகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். உண்மைதான். துடைக்கிறவனுக்குத்தான் துப்பாக்கியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்க நேரம் இருக்கும்.

ஆயுதம் வைக்கும் அறையை எங்கள் படையில் 'பெல் ஆஃப் ஆர்ம்ஸ்' என்போம். மணிக்கும் ஆயுதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருகிற பையன் முழிப்பான். கம்பெனி காலத்துக் கன்டோன்மென்ட்களில் சிப்பாய்களின் குடிசை வரிசைக்கு எதிரே மணி கவிழ்த்த மாதிரி ஒரு சின்னக் கட்டடம் இருக்கும். பரேடு முடிந்ததும் துப்பாக்கிகளை அதற்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பூந்தமல்லியும் அப்போது ஐரோப்பியப் படைகள் தங்கிய கன்டோன்மென்ட்தான். இப்போது இருப்பது கம்பிக் கதவு போட்ட சாதாரணச் சதுர அறை. மணி வடிவம் போய்விட்டது, பெயர் மட்டும் பணியில் நீடிக்கிறது. துப்பாக்கிப் பெயர்களின் கதையும் பெரும்பாலும் இப்படித்தான்.

நான் சேர்ந்தபோது அந்த அறையில் சங்கிலி கோத்து நின்றவற்றில் பெரும்பகுதி த்ரீ நாட் த்ரீ. பூஜ்யத்தை 'நாட்' என்று சொல்வது பழைய ஆங்கில வழக்கு. இது தெரியாத ஒரு பயிற்சிக் காவலர், "மூணு, மூணு இல்லையா ஐயா?" என்று எங்கள் ஹவில்தாரிடம் கேட்டு, மைதானத்தை மூன்று சுற்று ஓடி வந்தார். குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 303 பாகம், அதாவது 7.7 மில்லிமீட்டர். அதுதான் அந்த எண். ஆனால் குண்டை அளந்தால் 311 வரும். குழலுக்குள் திருகுத் திருகாக ஓடும் வரிப்பள்ளங்களுக்குள் குண்டு அழுந்திப் போக வேண்டும். அப்போதுதான் அது சுழன்றுகொண்டே வெளியேறி நேராகப் பறக்கும். அந்தப் பள்ளம் வெட்டுவதற்கு ஆங்கிலத்தில் 'ரைஃபிளிங்' என்று பெயர், அதனால்தான் ஆயுதமே ரைஃபிள். பள்ளம் இல்லாமல் வழவழவென்று இருந்தால் மஸ்கட். இந்த ஒரு வித்தியாசம் பின்னால் பெரிய அரசியலாக ஆனது, அதற்கு வருகிறேன்.

போல்ட்டுக்குக் கீழே, கட்டை ஆரம்பிக்கும் இடத்தில் ஓர் இரும்பு வளையம் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் அழுத்தித் துடைத்தால் அங்கே ஒரு கிரீடம் தெரியும். அதன் கீழே இஷாப்பூர் என்று ஊர்ப் பெயர், வருடம், பிறகு 'ஷார்ட் எல்.இ.' என்று சுருக்கெழுத்து, அதற்கடியில் ரோமன் எண் மூன்று, ஒரு நட்சத்திரக் குறி. சுதந்திரத்துக்குப் பிறகு செய்தவற்றில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் உட்கார்ந்திருக்கும். 303 என்ற எண் அந்த வளையத்தில் எங்குமே கிடையாது. துப்பாக்கி தன்னைப் பற்றிச் சொல்வது ஒன்று, நாங்கள் கூப்பிடுவது வேறு.

எல்.இ. என்றால் லீ-என்ஃபீல்டு. லீ ஒரு மனிதர், என்ஃபீல்டு ஓர் ஊர்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831-இல் ஸ்காட்லாந்தில் ஹாவிக் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. கடிகார வேலை கற்றுக்கொண்டு, பிறகு அமெரிக்காவில் போய்த் தங்கினார். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னே இழுத்து, முன்னே தள்ளி, கீழே மடக்கும் போல்ட்டையும், அதற்கடியில் தோட்டாக்களை அடுக்கி வைக்கும் பெட்டி மேகசினையும் ஒன்றுசேர்த்தது அவருடைய மூளை. அந்தப் போல்ட்டைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்தவர்களுக்குக் கடிகாரக்காரர் வேலை என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்காது. அவ்வளவு வழுக்கும். 1888-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை எடுத்துக்கொண்டு, வில்லியம் மெட்ஃபோர்டு என்ற பொறியாளர் வடிவமைத்த ஆழமில்லாத ஏழு வரிக் குழலோடு பொருத்தியது. அதனால் முதலில் வைத்த பெயர் லீ-மெட்ஃபோர்டு.

அந்தச் சமயத்தில்தான் கரிமருந்து போய்க் கார்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. கார்டைட்டின் சூடு பொல்லாதது. மெட்ஃபோர்டின் மெல்லிய வரிகளை அரித்துத் தேய்த்துவிட்டது. என்ஃபீல்டில் இருந்த அரசுத் தொழிற்சாலை ஆழமான ஐந்து வரிகள் வெட்டிப் புதுக் குழல் செய்தது. 1895 முதல் துப்பாக்கி லீ-என்ஃபீல்டு. வரி தேய்ந்த மனிதர் பெயரிலிருந்தும் தேய்ந்து போனார். இன்றைக்கு மெட்ஃபோர்டை என்னைப் போன்ற ஆர்மரர்கள்தான் நினைத்துப் பார்க்கிறார்கள்.

அவருக்கு முன்பே இப்படிப் போனவர் ஜேக்கப் ஸ்னைடர். அமெரிக்காவில் ஒயின் வியாபாரி. வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் பழைய என்ஃபீல்டுகளைப் பின்பக்கம் திறந்து தோட்டா போடும்படி மாற்றுவதற்கு வழி சொன்னார். அரசாங்கம் அதை ஏற்று ஸ்னைடர்-என்ஃபீல்டு என்று பெயரும் வைத்தது. பெயரை வைத்தவர்கள் பணத்தைத் தரத் தாமதித்தார்கள். உரிய தொகை கைக்கு வராமலே அவர் 1866-இல் இறந்தார். அடுத்து வந்த மார்ட்டினி-ஹென்றியில் ஊரே கிடையாது. மார்ட்டினி சுவிட்சர்லாந்தில் தொழில் செய்தவர், ஹென்றி எடின்பரோவில் துப்பாக்கி செய்தவர், ஒருவர் பூட்டு, இன்னொருவர் குழல்.

ஆட்கள் வந்து வந்து போக, ஊர் மட்டும் ஏன் நின்றது? தொழிற்சாலை அங்கேயே இருந்ததால்தான். லண்டனுக்கு வடக்கே லீ என்ற நதிக்கரையில் 1816-இல் கட்டிய அரசு ஆயுதச் சாலை அது. நதியின் பெயரும் லீ, போல்ட் செய்தவரின் பெயரும் லீ. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, வெறும் தற்செயல். 1853 மாதிரி ரைஃபிள், அதாவது நம் பாடப்புத்தகத் துப்பாக்கி, அந்த ஊர்ப் பெயரைத்தான் சுமந்துகொண்டு கப்பலேறியது. அதன் தோட்டாவைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். அதில் தடவியது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவை ஒட்டிய டம்டம்மில் கிளம்பியது. மார்ச் மாதம் பராக்பூரில் மங்கள் பாண்டே.

இந்த ஊர் வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். சியால்டா நிலையத்திலிருந்து வடக்கே போகும் உள்ளூர் ரயிலில் ஏறினால் டம்டம் வரும், அப்புறம் பராக்பூர், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இச்சாபூர். அதுதான் எங்கள் இரும்பு வளையத்தில் இருக்கும் இஷாப்பூர். 1787 முதல் அங்கே வெடிமருந்துச் சாலை இருந்தது. அந்த இடத்தில் 1904-இல் ரைஃபிள் தொழிற்சாலை எழுந்தது. டம்டம்மும் சும்மா இருக்கவில்லை. 1890-களின் கடைசியில் அங்கிருந்த ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் 303 குண்டின் நுனியில் உறையை நீக்கி, உடம்புக்குள் போனதும் விரிந்து கிழிக்கும்படி செய்தார். 1899-இல் ஹேக் மாநாடு அதைத் தடை செய்தது. உலகத்தின் பல மொழிகளில் அந்த வகைக் குண்டுக்கு இன்றும் டம்டம் என்றுதான் பெயர். விமான நிலையமும் மெட்ரோவும் இருக்கிற ஓர் ஊருக்கு இப்படி ஒரு புகழ் வேண்டியதில்லை.

1857-க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ஒரு கணக்கை விடாமல் வைத்திருந்தார்கள். இந்தியச் சிப்பாய் கையில் இருப்பது வெள்ளைச் சிப்பாய் கையில் இருப்பதைவிட ஒரு தலைமுறை பழையதாக இருக்க வேண்டும். அவனிடம் மார்ட்டினி என்றால் இவனிடம் ஸ்னைடர், அவனுக்கு லீ-மெட்ஃபோர்டு வந்தால் இவனுக்கு மார்ட்டினி. ஆகவே அந்தக் காலத்தில் உன் துப்பாக்கியின் பெயர் என்ன என்று கேட்பதும் நீ யார் என்று கேட்பதும் ஒன்றுதான். போலீஸ்காரன் நிலைமை இன்னும் கீழே. மஸ்கட் பற்றிச் சொன்னேன் அல்லவா? இஷாப்பூரில் நல்ல லீ-என்ஃபீல்டுகளை எடுத்து, உள்ளே இருந்த வரிகளையெல்லாம் துருவி எறிந்து, 410 அளவு வழவழப்புக் குழலாக்கி, மேகசினை அடைத்து, ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போடும்படி மாற்றினார்கள். சிறைக் காவலுக்கும் போலீசுக்கும் கொடுப்பதற்கென்றே செய்த வேலை. ராணுவத் தோட்டாவைப் போட்டுச் சுட முடியாது, தூரத்துக்கும் சுட முடியாது. வெளியிலிருந்து பார்த்தால் அச்சாக ரைஃபிள். உள்ளே மஸ்கட். இதை முதல்முறை கழற்றிக் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம். ஒரு கைவினைஞன் வெட்டிய வரியை இன்னொரு கைவினைஞனைக் கொண்டே சுரண்ட வைத்திருக்கிறார்கள்.

சுதந்திரம் வந்த பிறகும் அந்த ஒரு தலைமுறை இடைவெளி வேறு விதமாகத் தொடர்ந்தது. 1962-இல் சீனப் போரில் நம் ஜவான்கள் வைத்திருந்தது த்ரீ நாட் த்ரீ. அந்த அடிக்குப் பிறகு அவசர அவசரமாக எஸ்.எல்.ஆர். என்ற புது ரைஃபிள் வந்தது. ராணுவம் கழற்றிப் போட்டதெல்லாம் போலீசுக்கு வந்து சேர்ந்தது. 1999 கார்கில் போரில் ராணுவத்தின் கையில் இன்சாஸ் ரைஃபிள். அதே வருடம் தமிழ்நாட்டில் பல காவல் நிலைய வாசல்களில் நின்ற பாரா காவலரின் தோளில் இருந்தது என்னுடைய இஷாப்பூர்க்காரிதான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 ஜனவரி 26 அணிவகுப்பில் அதற்கு முறைப்படி விடை கொடுத்தபோது பேத்தி அந்தச் செய்தியைக் கைபேசியில் காட்டினாள். ஒரு துப்பாக்கிக்கு வழியனுப்பு விழா நடத்துகிற அளவுக்கு அது எங்களோடு இருந்திருக்கிறது.

அளவை வைத்துப் பெயர் சொல்லும் எங்கள் பழக்கத்தில் ஒரு சங்கடமும் உண்டு. எஸ்.எல்.ஆர்., ஏ.கே. இரண்டுமே 7.62 மில்லிமீட்டர். ஆனால் ஒன்றின் தோட்டா நீளம் 51, மற்றதன் நீளம் 39. ஒன்றை மற்றதில் போட முடியாது. "செவன் சிக்ஸ் டூ கொடுங்க" என்று வந்து நின்றால் ஆர்மரர் திருப்பிக் கேட்டே ஆக வேண்டும். அதைவிட மோசம் 2ஏ1. அறுபதுகளில் இஷாப்பூரே செய்தது. பழைய லீயின் போல்ட், பழைய கட்டை, ஆனால் குழல் 7.62. பன்னிரண்டு தோட்டா பிடிக்கும் சதுரமான மேகசினைப் பார்த்துத்தான் அடையாளம் சொல்ல முடியும். பையன்கள் அதையும் த்ரீ நாட் த்ரீ என்றே கூப்பிடுவார்கள். லீ, என்ஃபீல்டு, 303 மூன்றில் எதுவுமே அதன் பெயரில் இல்லை, ஆனாலும் அது அந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. எங்கள் ஹவில்தார் அலமாரியின் மேல் சிவப்புப் பெயின்ட்டில் பட்டை போட்டு வைத்திருந்தார், "பேரை நம்பாதே தம்பி, பட்டையப் பார்த்து எடு" என்பார். ஒத்திவாக்கம் ரேஞ்சுக்குக் கிளம்பும் நாட்களில் அந்தப் பட்டைதான் எங்களைக் காப்பாற்றியது.

என்ஃபீல்டு என்ற ஊர் மற்ற துப்பாக்கிகளிலும் வாலைப் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. ப்ரென் என்ற இயந்திரத் துப்பாக்கியின் பெயரில் முதல் பாதி செக் நாட்டின் பர்னோ நகரம், இரண்டாம் பாதி என்ஃபீல்டு. ஸ்டென் என்பதில் ஷெப்பர்டு, டர்பின் என்ற இருவரின் முதலெழுத்துகளும் என்ஃபீல்டும். ஆனால் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்த விசித்திரமான இடம் நம்ம திருவொற்றியூர்தான்.

நசரத்பேட்டையில், வெளிவட்டச் சாலை பெங்களூர் நெடுஞ்சாலையை வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு புல்லட் மெக்கானிக் கடை இருக்கிறது. சாயங்காலம் அங்கே போய் உட்காருவது என் பழக்கம். இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை இல்லாமல் எனக்கு நாள் முடியாது. அங்கே வேலை பார்க்கும் பையன் ஒரு நாள் டேங்கைத் துடைத்தபடியே, "பெரியப்பா, வண்டியில பீரங்கி எதுக்கு போட்ருக்கான்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில், ஊசியும் சைக்கிளும் செய்த ஒரு கம்பெனியை ஆல்பர்ட் ஈடி என்பவரும் ராபர்ட் ஸ்மித் என்பவரும் வாங்கினார்கள். அவர்களுக்கு என்ஃபீல்டு அரசு ஆயுதச் சாலையிலிருந்து ரைஃபிள் உதிரிபாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் கம்பெனிக்கு என்ஃபீல்டு என்று பெயர் வைத்து, ராயல் என்பதையும் முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். 1893-இல் வந்தது சைக்கிள்தான். துப்பாக்கி மாதிரி செய்தது என்பது அவர்களுடைய விளம்பர வாசகம், பீரங்கி அதற்கான சின்னம். மோட்டார் சைக்கிள் 1901-இல். புல்லட் என்ற பெயர் 1932 முதல்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் வண்டி செய்ய ஆரம்பித்தார்கள். எல்லைக் காவலுக்கு நம் ராணுவமும் அதை வாங்கியது. அதாவது ரைஃபிள் உதிரிபாகம் செய்த பெயரோடு வந்த வண்டியின் மேல், என்ஃபீல்டு ரைஃபிளை முதுகில் மாட்டிய ஜவான் போனான். பிறகு ரெடிட்ச் கம்பெனி மூடிவிட்டது. என்ஃபீல்டு ஆயுதச் சாலையையும் 1988-இல் மூடி, அங்கே வீடுகள் கட்டிவிட்டார்கள். பெயர் மட்டும் ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் போய்ப் புதுத் தொழிற்சாலைகள் கட்டிக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து புது வண்டிகள் ஏற்றிய நீண்ட லாரிகள் எங்கள் சிக்னலில் நிற்கும்போது, அந்தப் பையனுக்கு நான் சொன்னது இதுதான்: பீரங்கி அங்கிருந்து வந்தது, ஆனால் இனிமேல் அது நம்ம ஊர்ச் சரக்கு. அவன், "அப்ப புல்லட்னா நெஜமாவே தோட்டாவா?" என்றான். வேறென்ன என்று நினைத்தான் என்று தெரியவில்லை.

நம் ஆட்கள் ஆயுதத்துக்குப் பெயர் வைக்கும் விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பக்கத்து ஆவடியில் செய்த முதல் டாங்கி விஜயந்தா, பிறகு அர்ஜுன். டாங்கிக்கு அது பொருந்தும், விட்டுவிடலாம். ரைஃபிளுக்கு வருவோம். இன்சாஸ் என்பது இந்தியச் சிறு ஆயுத அமைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். கோப்பின் தலைப்பு மாதிரி இருக்கிறது. அதையே கொஞ்சம் மாற்றிச் செய்ததற்கு எக்ஸ்காலிபர் என்று ஆர்தர் ராஜாவின் வாளின் பெயரை வைத்தார்கள். இஷாப்பூரின் இன்னொரு ரைஃபிள் காதக், கொல்பவன் என்று பொருள். திருச்சியில் செய்யும் பெரிய ரகத் துப்பாக்கி வித்வம்சக், நாசம் செய்பவன். துப்பாக்கி என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும், பெயரிலும் அதைக் கத்திச் சொல்ல வேண்டுமா? செய்தவன் பெயர், செய்த ஊர், குழலின் அளவு என்று ஏதாவது உருப்படியான தகவல் இருந்தால் என்னைப் போன்றவனுக்கு உதவும். ரஷ்யர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். ஏ.கே.-47 என்றால் கலாஷ்னிகவின் தானியங்கித் துப்பாக்கி, 1947 மாதிரி. என்ன, யாருடையது, எப்போது, மூன்றும் வந்துவிட்டது.

அதனால்தான் 2019-இல் திருச்சிப் படைக்கலத் தொழிற்சாலை வெளியிட்ட ரைஃபிளின் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. 1966-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. ஏ.கே. ரகத்தின் அதே 39 நீளத் தோட்டாதான் இதற்கும். வைத்த பெயர் திருச்சி அசால்ட் ரைஃபிள், சுருக்கமாக டி.ஏ.ஆர். அதன் பிறகு ஒரு கார்பைன் செய்து ட்ரைக்கா என்றார்கள், அதிலும் முதல் பாதி திருச்சிதான். ஆர்தர் ராஜாவையோ அழிக்கும் தெய்வத்தையோ கூப்பிடவில்லை. என்ஃபீல்டைப் போல, இஷாப்பூரைப் போல, ஓர் ஊர். நான் பார்த்த வரையில் தமிழ்நாட்டு ஊர்ப் பெயரைத் தாங்கி வரிக்குழல் ஆயுதம் வருவது இதுதான் முதல் தடவை.

அதை நான் கழற்றியது இல்லை. அது வெளிவரும்முன்பே நான் பணியிலிருந்து இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த ஆர்மரர் ஒருவர் இப்போது ஆவடிப் பக்கம் இருக்கிறார், போனில் பேசும்போது பையன்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். "ஏ.கே.ன்னுதாண்ணே சொல்றானுங்க" என்றார். பட்டை போட்டு வை தம்பி என்றேன்.